குப்புறக் கிடந்த ரொட்டி

எங்கள் கடைப் பலகையில் ரொட்டிகள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். இரண்டு மட்டும் குப்புறக் கிடக்கும். ஒன்று, குற்றவாளிகளைத் தூக்கில் போடும் ஊர்த் தூக்குக்காரனுடையது. அது, பிரான்சில் இருக்கும் எங்கள் ஆஞ்சே ஊரில் எல்லா ரொட்டிக்கடையிலும் உள்ள வழக்கம். அவனுடைய ரொட்டியை வேறு யாரும் தவறி எடுத்துவிடக் கூடாது, அதற்குத்தான் அந்த அடையாளம். வீட்டு மேசையில் ஒரு ரொட்டி தற்செயலாகக் குப்புற விழுந்தாலே பதறிப்போய் நிமிர்த்தி வைப்போம். இரண்டாவது ரொட்டி, அறுவை வைத்தியர் பசில் மொர்வானுடையது. அது ஊர் வழக்கம் இல்லை. என் புருஷன் மத்துரேன் தானாக ஏற்படுத்திய வழக்கம்.

காரணம் இல்லாமல் இல்லை. மத்துரேனுக்கு உர்பேன் என்று ஒரே ஒரு தம்பி. கற்பலகைச் சுரங்கத்துக்குப் போடா என்றால் இடுப்பு ஒடிகிறது என்பான். அடுப்படிக்கு வாடா என்றால் தூக்கம் வருகிறது என்பான். எல்லை தாண்டிப் பிரெத்தாஞ் சீமைக்குப் போய், உப்பு மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு காட்டு வழியாக வருவதற்கு மட்டும் அவனுக்கு இடுப்பும் ஒடியாது, தூக்கமும் வராது. அங்கே உப்புக்கு வரி கிடையாது. இங்கே ராஜாவின் வரியோடு உப்பு வாங்கிச் சூப் வைப்பதற்குள் எங்களுக்குக் கண்ணீர் வந்துவிடும். அதனால் ஊரில் பாதிப் பேர் உர்பேனிடம்தான் வாங்கினார்கள். ஒருநாள் உப்புக் காவலர்களோடு கைகலப்பாகி ஒரு காவலன் செத்தான். உர்பேன் அகப்பட்டுக்கொண்டான். அவன் உப்பைத் தின்ற ஊரே சந்தைத் திடலில் கூடி, அவனைத் தூக்கில் போடுவதை வேடிக்கை பார்த்தது.

உடலையாவது கொடுங்கள் என்று மத்துரேன் நீதிமன்ற வாசலில் போய் நின்றார். கிடைக்கவில்லை. தூக்கு மரத்து உடல்களை மொர்வானிடம் கொடுத்துவிடுவது சட்டம். குளிர்காலம் முழுக்க அவர் அவற்றைத் திறந்து மாணவர்களுக்குப் பாடம் நடத்துவார். உர்பேனும் அந்த மேசைக்குத்தான் போனான். கல்லறைத் திருநாள் வரும்போதெல்லாம் ஊரே இடுகாட்டுக்குப் போகும். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கல்லறை இல்லாதவனுக்கு எங்கே போய் மெழுகுவர்த்தி ஏற்றுவது?

அன்று முதல் மொர்வானின் ரொட்டி குப்புறக் கிடந்தது. தினமும் அதை வாங்கிப் போக வருபவள் அவர் வீட்டு வேலைக்காரி மர்கோ. நல்லவள், வாய் கொஞ்சம் நீளம். குப்புறக் கிடக்கும் ரொட்டியைப் பார்ப்பாள், மத்துரேனைப் பார்ப்பாள், கூடையில் போட்டுத் துணியால் மூடிக்கொண்டு போய்விடுவாள். ஒரே ஒருநாள்தான் ஒரு குறை சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே, எங்கய்யா பிரெத்தாஞ்காரரு. உங்க ரொட்டியில உப்பே இல்லங்கறாரு."

"உப்பு வேணும்னா என் தம்பிகிட்ட கேக்கச் சொல்லு. அவர் வீட்டுலதானே இருக்கான்" என்றார் மத்துரேன்.

மர்கோ அதற்குப் பிறகு உப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வசந்தம் வந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் கையில் ரத்தம் எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்துக் கெட்ட ரத்தம் போய்விடுமாம். அந்த வசந்தத்தில் எங்கள் தெரு நாவிதர் மத்துரேனின் வலது முழங்கை மடிப்பில் கத்தியை வைத்தார். தன் மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டே வைத்தார். கத்தி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கிவிட்டது. கறுத்த ரத்தம் வழியவேண்டிய இடத்தில் சிவப்பு ரத்தம் துள்ளிப் பீச்சிச் சுவரில் அடித்தது. இறுக்கிக் கட்டி அனுப்பினார். மாப்பிள்ளைக்கு எத்தனை திராட்சைத் தோட்டம் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

காயம் ஆறியது. ஆறிய இடத்தில் ஒரு வீக்கம் எழுந்தது. முதலில் பருப்பு அளவு. கோடை தொடங்கும்போது கோழிமுட்டை அளவு. அதன்மேல் விரல் வைத்தால், முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கொத்துவதுபோல் துடித்தது. மத்துரேன் மாவுத் தொட்டியில் கையை விட்டுப் பிசையும்போது வலியில் முகம் வெளுத்துவிடும். எனக்குத் தெரியக்கூடாது என்று பாட்டுப் பாடுவார். அவர் பாடினால் நாய் ஓடும். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மருத்துவமனையில் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனேன். லத்தீன் படித்தவர், கத்தியைத் தொட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று நினைக்கிற ஜாதி. தள்ளி நின்றே பார்த்தார்.

"ரத்தக் குழாய் ஓட்டையாயிருக்கு. இன்னிக்கோ நாளைக்கோ அது வெடிக்கும். வெடிச்சா ஆள் காலி. கையை எடுத்துடறதுதான் வழி."

"ஐயா, அவர் ரொட்டி சுடறவர்."

"இடது கையால சுடட்டுமே அம்மா."

"ஒருநாள் எங்க கடைக்கு வாங்க. ஒத்தைக் கையால ஒரு தொட்டி மாவு பிசைஞ்சு காமிங்க. பாத்துட்டு எடுத்துடலாம்" என்றேன். மத்துரேன் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வெளியே வந்தோமே தவிரப் போவதற்கு இடம் இல்லை. கை இருந்தால் உயிர் இல்லை, கை போனால் அடுப்பு இல்லை. எனக்கு அடுப்புகூட வேண்டாம். ஆனால் மாவு பிசையாத மத்துரேனை நான் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு மனுஷன் எப்படி இருப்பார் என்றே எனக்குத் தெரியவில்லை.

அன்று கடைக்கு வந்த சுரங்கக்காரர் எதியேன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் கால்சட்டையைச் சுருட்டிக் காலைக் காட்டினார்.

"இந்தக் காலைப் பாரும்மா. மேல பாறை விழுந்து நொறுங்கிப் போச்சு. அறுக்கணும்னு அத்தனை பேரும் சொன்னாங்க. மொர்வான் ஐயாதான், 'எலும்புக்கு ஒட்டத் தெரியும், நாம சும்மா இருந்தாப் போதும்'னாரு. பலகை வச்சுக் கட்டினாரு. இப்ப நான் டான்ஸே ஆடுவேன்."

"ஆட வேண்டாம், கடை சின்னது. அவர்கிட்ட நான் போகமாட்டேன்" என்றார் மத்துரேன்.

"யோவ், எங்க சுரங்கத்துல அவரால நடக்கறவங்க எத்தனை பேர் தெரியுமா? மருத்துவச்சிங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு, புள்ளை எப்படித் திரும்புதுன்னு சொல்லித் தர்றாரு. எந்த டாக்டர் பண்ணுவான்?"

"என் தம்பியை அறுத்தவர்கிட்ட நான் கை நீட்டமாட்டேன்."

எதியேன் காலை மூடிக்கொண்டு போய்விட்டார். நான் அடுப்புக் கம்பியை எடுத்து மேசையில் ஓங்கி அடித்தேன். "நீங்க போகாட்டி நான் இங்கேருந்து போயிடுவேன். எங்கம்மா வீட்டுக்கு இல்ல, கன்னிமாடத்துக்கு. அங்க உங்க பாட்டைக் கேக்கவேண்டியதில்ல." கன்னிமாடம் என்றால் மத்துரேனுக்குப் பயம். மறுநாள் காலை என் பின்னால் வந்தார்.

மொர்வானை நான் அதுவரை தூரத்தில்தான் பார்த்திருந்தேன். சாத்தான் மாதிரி இருப்பார் என்று நினைத்தேன். குள்ளமாக, மூக்கில் கண்ணாடி வழிய, சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார். மத்துரேனின் கையை இரண்டு கையாலும் வாங்கினார், புதிதாகப் பிறந்த குழந்தையை வாங்குவதுபோல. வீக்கத்தில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். அந்தப் பெரிய டாக்டர் தொடாத கை அது. 

"கையை எடுக்க வேண்டாம்" என்றார்.

நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"வீக்கத்தைத் தொடமாட்டேன். இதுக்கு மேல, புஜத்துல, பெரிய ரத்தக் குழாயைத் தேடி நூலால கட்டிடுவேன். வீக்கத்துக்கு ரத்தம் வராது. அது தானா சுருங்கிடும்."

"கைக்கும் ரத்தம் வராதே" என்றார் மத்துரேன். முட்டாள் இல்லை என் புருஷன்.

"நம்ம பாலத்துல நடு வளைவை அடைச்சா ஆறு நின்னுடுமாப்பா?"

"பக்கத்து வளைவுல போகும்."

"அதேதான். முழங்கையைச் சுத்திச் சின்னச் சின்னக் குழாய் இருக்கு. பெரியவன் வேலையை நிறுத்தினா, சின்னவங்க சுமப்பாங்க."

"இருக்குன்னு உமக்கு எப்படித் தெரியும்? இதுக்கு முன்னாடி யாருக்குப் பண்ணியிருக்கீர்?"

மொர்வான் கண்ணாடியைக் கழற்றினார். "பொய் சொல்லமாட்டேன். உயிரோட இருக்கறவங்க யாருக்கும் பண்ணினதில்ல. இந்தச் சீமையிலயே யாரும் பண்ணினதில்ல. செத்தவன் கையில பண்ணிப் பாத்தேன். பெரிய குழாயைக் கட்டிட்டு, தோள்லேருந்து சிவப்பு மெழுகை உருக்கி ஏத்தினேன். கட்டைச் சுத்திக்கிட்டு அது விரல் நுனி வரைக்கும் வந்துடுச்சு. அன்னிக்கு நான் பைத்தியம் மாதிரி சிரிச்சேன்."

"யாரோட கை?"

யாரோ ஒருவன் என்று சொல்லியிருக்கலாம். மத்துரேன் நம்பியிருப்பார். எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும்.

"உர்பேன்னு பேரு. உப்பு கடத்தினவன். எனக்குப் பாடம் சொல்றவங்க பேரைக் கேக்காம நான் கத்தியை எடுக்கறதில்ல. கல்லறைத் திருநாளுக்கு அவன் பேரைச் சொல்லிப் பூசை வைக்கிறேன்."

மத்துரேன் எழுந்து நின்றார். "அவன் என் தம்பி" என்றார். பிறகு, அவமானப்படுத்த வேறு எதுவும் கையில் அகப்படாததுபோல, "அதுக்காகத்தான் இத்தனை வருஷமா உமக்கு ரொட்டியைக் குப்புறப் போட்டேன். தூக்குக்காரனுக்குப் போடற மாதிரி. இனிமேயும் போடுவேன்" என்றார்.

மொர்வான் விழித்தார். "எந்த ரொட்டி? என் வீட்டுக்கு நிமிந்த ரொட்டிதானே வருது?"

கதவருகே தட்டோடு நின்ற மர்கோவின் முகம் அடுப்புத் தணலாகச் சிவந்தது.

"நான்தான் வழியிலயே திருப்பிப் போட்டுக்கிட்டு வருவேன்" என்றாள். "அய்யா நிம்மதியாச் சாப்பிடட்டுமேன்னுதான். அதுக்கு என்ன இப்போ? என்னையும் தூக்குல போடுங்க."

வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மத்துரேன் வெளியே போனார். பாவம், இத்தனை வருஷம் எறிந்த கல் ஒன்றுகூட அந்த வீட்டுக்குள் விழவில்லை.

பாலத்தின் நடுவில் அவரைப் பிடித்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"என்ன மனுஷன்யா நீ?" என்றேன். கோபம் வந்தால் எனக்கு 'நீங்க' வராது. "அவர் பொய் சொல்லியிருக்கலாம்ல? சொல்லலையே. அதுக்காவது அவரை நம்பவேண்டாமா?"

"பெரின், அவரு என் தம்பியைத் துண்டு போட்டவருடி."

"துண்டு போடலைன்னா உன் தம்பி எந்திரிச்சு வந்திருப்பானா? தூக்குல போட்டது ராஜா. பாத்துக்கிட்டு நின்னது ஊர். அவங்களுக்கெல்லாம் நீ நல்ல ரொட்டியை நிமித்தி வச்சுக் குடுத்த. அவன் பேரைச் சொல்லிப் பூசை வச்சவருக்குக் குப்புறப் போட்ட."

 எனக்கு அழுகை பொங்கிவிட்டது, அழுதுகொண்டே கத்தினேன்.

"உர்பேன் உசிரோட இருந்தப்ப நமக்கு என்ன குடுத்தான்? கவலையைக் குடுத்தான். போனதுக்கப்புறம் கையைக் குடுத்திருக்கான்யா. உனக்காகவே வச்சிட்டுப் போன மாதிரி. அதை வேணாம்னு சொல்ல நீ யாரு?"

கீழே நடு வளைவில் ஒரு கற்பலகைப் படகு குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. படகுக்காரர்கள் ஒருவரையொருவர் பெற்ற தாயைச் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு அதைப் பற்றிக் கவலைப்படாமல் இரண்டு பக்கத்து வளைவுகளிலும் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. மத்துரேன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கையை நான் பாக்கணும்" என்றார் கடைசியில்.

திரும்பிப் போனோம். மொர்வான் ஒன்றும் கேட்காமல் உள்ளறையைத் திறந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கை நின்றிருந்தது. தோல் இல்லை. காய்ந்த பழுப்புத் தசைமேல் சிவப்பு மெழுகு ஓடிய குழாய்கள். புஜத்தில் பெரிய குழாய் ஒன்று நூலால் கட்டப்பட்டு நின்றது. அதைச் சுற்றி, வெங்காயத்தின் வேர் மாதிரி, மெல்லிய சிவப்பு இழைகள் எத்தனையோ இறங்கி, கீழே ஒன்றுகூடி, விரல் வரைக்கும் போயின. சுண்டுவிரலில் பாதி இல்லை.

எனக்குப் பயமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பார்க்க அழகாகவே இருந்தது. சொன்னால் பாவமோ என்னவோ.

மத்துரேன் அந்தச் சுண்டுவிரலைத்தான் பார்த்தார். "சின்ன வயசுல நான் அடுப்புக் கதவைச் சாத்தினப்ப போனது. அவன் எங்கப்பாகிட்ட சொல்லவே இல்ல. தானே சாத்திக்கிட்டேன்னு சொல்லி, அதுக்கும் சேத்து அடி வாங்கினான்." கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். தூக்கில் போட்ட அன்றுகூட அழாத மனுஷன்.

மொர்வான் சொன்னார்: "இது உங்களுக்குச் சேர வேண்டியது. வேணும்னா எடுத்துட்டுப் போய் மண்ணுல வைங்க. நான் தடுக்கமாட்டேன்."

மத்துரேன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சட்டைக் கையைச் சுருட்டினார். "முதல்ல என்னுதைக் கட்டுங்க, ஐயா."

வெயில் நன்றாக விழும் ஒரு காலைப்பொழுதில், சன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதியேனும் சுரங்கக்காரர்கள் மூன்று பேரும் பிடித்துக்கொள்ள வந்திருந்தார்கள். மத்துரேனுக்குப் பெரிய கிண்ணத்தில் பிராந்தி கொடுத்தார்கள். எதியேன் தனக்கும் ஒன்று கேட்டார். பிடித்துக்கொள்கிறவனுக்குத்தான் அதிகம் வேண்டுமாம். என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் போகவில்லை. மர்கோவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பார்த்தால் அவள் கையில் என் நகம் பதிந்திருந்தது.

அவர் அலறியதை எழுதமாட்டேன். மொர்வானின் விரல்கள் அவசரப்படவே இல்லை என்பதை எழுதுகிறேன். இருட்டில் தன் வீட்டுச் சாவித்துவாரத்தைத் தேடுகிறவன் தடுமாறமாட்டான் இல்லையா, அப்படி அவருக்கு அந்த வழி தெரிந்திருந்தது. அந்த வழியை அவருக்குக் காட்டியவன் யார் என்று எனக்குத் தெரியும். உர்பேனே, கூட இரு என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். மெழுகு பூசிய நூல் சுற்றியது, இறுகியது. "தொட்டுப் பாரம்மா" என்றார் மொர்வான். வீக்கத்தின்மேல் விரல் வைத்தேன். குஞ்சு கொத்தவில்லை.

மணிக்கட்டிலும் நாடி இல்லை. கை வெளுத்துவிட்டது, நேற்றைய மாவு மாதிரி. தொட்டால் சில்லென்றிருந்தது. மொர்வான் கத்தியைக் கீழே வைத்தார்.

"நம்ம வேலை முடிஞ்சுது. இனி சின்னவங்க சுமக்கணும்" என்றார்.

தவிட்டை வறுத்துப் பையில் கட்டிக் கையைச் சுற்றி வைத்தோம். எங்கள் கடையில் தவிட்டுக்குப் பஞ்சமில்லை. நான் வறுத்துக்கொண்டே இருந்தேன், மர்கோ மாற்றிக்கொண்டே இருந்தாள். விரல்கள் குளிர்ந்தே கிடந்தன. பெரிய டாக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்து, "அழுகறதுக்குள்ள எடுத்துடுங்க" என்று மொர்வானிடம் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். மொர்வான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். சூப்பைக் கொண்டுவந்து கொடுத்தால் குடிக்க மறந்தார்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, என்மேல் வந்தது, செத்துப்போன உர்பேன்மேலும் வந்தது. பாலத்தில் கூச்சல் போட்டு இந்த மனுஷனைத் திருப்பி அழைத்து வந்தவள் நான்தானே. கை செத்து ஆளையும் கொண்டுபோய்விட்டால் நான் எந்த முகத்தோடு அடுப்பு முன்னால் நிற்பேன்?

மறுநாள் பகலில் தவிட்டுப் பையை மாற்றும்போது அவர் சுண்டுவிரல் என் கையில் பட்டது. பைச் சூடுதான் என்று நினைத்தேன். பையைத் தூரத் தள்ளிவிட்டு, என் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அந்த விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சூடு போகவில்லை. உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது.

"வந்துடுச்சு! ஐயா, வந்துடுச்சு! உர்பேனே, பாழாப்போனவனே, இவ்வளவு நேரம் எங்கடா சுத்திக்கிட்டிருந்தே!"

மொர்வான் பாய்ந்து வந்து தொட்டுப் பார்த்தார். அடுத்து மோதிர விரல், அடுத்து நடுவிரல். அவர் சிரிக்க ஆரம்பித்தார். பைத்தியம் மாதிரிதான் சிரித்தார், பொய்யில்லை.

மத்துரேன் கண்ணைத் திறந்தார். "ஏண்டி, நீ அழறியா, திட்டறியா?"

"ரெண்டும்தான். உனக்கு என்ன?" என்றேன்.

வீக்கம் மெதுவாகச் சுருங்கிப் பருப்பாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. திராட்சை அறுவடை சமயத்தில் மத்துரேன் மாவுத் தொட்டியில் கையை விட்டார். பாட்டுப் பாடினார். நாய் ஓடியது. நான் தடுக்கவில்லை.

கல்லறைத் திருநாள் வந்தது. அன்று அவர் புகைக்கூண்டின் உள்ளே கையை விட்டு ஒரு செங்கல்லை உருவினார். பின்னால் ஒரு சின்ன மண்சாடி இருந்தது. எனக்குத் தெரியும் அது. உர்பேன் கடைசியாகக் கொண்டுவந்த உப்பு. காவலர்கள் வீட்டைச் சோதித்தபோது அகப்படாமல் தப்பியது. அவன் போன பிறகு அதை எடுக்க எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. மத்துரேன் சாடியைத் துடைத்துத் திறந்து, சாம்பல் நிறத்தில் ஈரமாக இருந்த அந்த உப்பை ஒரு கை அள்ளினார். அதைப் போட்டுத் தனியாக ஒரே ஒரு ரொட்டிக்கு மாவு பிசைந்தார். வெந்ததும் பலகையில் வைத்தார், நிமிர்த்தி.

மர்கோ வந்தாள். எடுத்தாள், கூடையில் போட்டுத் துணியால் மூடினாள், நடந்தாள். நாங்களும் நல்ல துணி உடுத்திக்கொண்டு அவள் பின்னாலேயே போனோம். மொர்வான் வீட்டு மேசையில் அவள் துணியை விலக்கினாள்.

ரொட்டி குப்புறக் கிடந்தது.

"அய்யய்யோ!" என்று மர்கோ தலையில் கை வைத்தாள். "பழக்க தோஷம்! வழியில திருப்பிட்டேன் போலிருக்கே!"

இத்தனை வருஷத்தில் மத்துரேன் நிமிர்த்தி வைத்தது அந்த ஒருநாள். அந்த ஒருநாள்தான் அது அந்த வீட்டுக்குக் குப்புறப் போய்ச் சேர்ந்தது. மத்துரேன் வெலவெலத்துப்போய், "ஐயா, நான் இல்ல, சத்தியமா நான் நிமித்தித்தான்..." என்று திணறினார். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். மொர்வானுக்குக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

"இருக்கட்டும், திருப்பாதீங்க. அடியிலதானே சிலுவை போடணும்? வசதியாப் போச்சு" என்று கத்தியை எடுத்து, எல்லோரும் செய்வதுபோல ரொட்டியின் அடிப்பக்கத்தில் சிலுவை கீறி, ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

மெல்லுவதை நிறுத்தினார்.

"உப்பு" என்றார். மறுபடியும் மென்றார். "இது எங்க ஊர்க் கடல் உப்பு. இந்த ஊருக்கு வந்ததுலேருந்து இது என் நாக்குல பட்டதே இல்ல. யார் கொண்டாந்தது?"

மத்துரேன் வலது கையை நீட்டினார். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. கண்ணாடிப் பெட்டி தெரிந்தது.

"அவன்தான்" என்றார். "அவனை எடுத்துட்டுப் போகமாட்டோம் ஐயா. இன்னும் எத்தனை பேர் கை மிச்சமாகணுமோ, இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருநாள் நாங்க இங்க வந்துட்டுப் போறோம்."

மொர்வான் தலையசைத்தார்.  நான் ரொட்டியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டியின் முன்னால் வைத்து, பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பிறகு வந்து மற்றவர்களோடு மேசையில் உட்கார்ந்தேன். ரொட்டி நன்றாக வந்திருந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் யாரும் குறை சொல்லவில்லை.